மூன்று கஞ்சிக் கோப்பையும் இரண்டு சீப்புக் கதலியும்

அன்று பின்னேரம் ஜெமீலா டீச்சரின் சிவப்புப் பேனைக்கு ஓய்வே இல்லை. கல்முனைக்குடியில் அவருடைய வீட்டுக் குசினியில் சமையல் மேசை மேல் உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. முதல் தாளில் ஒரு பிழை. சரி, ஒரு பிள்ளை கவனிக்கவில்லை. இரண்டாவது தாளிலும் அதே பிழை. சரி, பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கும். அடுத்த தாள், அதற்கடுத்த தாள் என்று எல்லாவற்றிலும் அதே பிழை வரிசையாக வந்தபோது டீச்சர் பேனையை மேசையில் போட்டுவிட்டு, "யா அல்லாஹ், நோம்பு நேரத்துல இது என்ன சோதனை!" என்று வாய்விட்டே சொன்னார்.

கேள்வி ஒன்றும் கடினமானதல்ல. நம் உடம்பின் கலங்களை, அதாவது செல்களைச் சுற்றியிருக்கிற மென்சவ்வில் சோடியம் பொற்றாசியம் பம்பி என்று ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு சுற்றில் எத்தனை சோடியம் அயன்களை வெளியே அனுப்பி, எத்தனை பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது? மூன்று வெளியே, இரண்டு உள்ளே. பாடநூலில் படத்தோடு இருக்கிறது. டீச்சரும் கரும்பலகையில் கீறிக் காட்டியிருந்தார். அப்படியிருக்க முழு வகுப்பும் ஒரே மனதாக எழுதியிருந்தது: மூன்று வெளியே, மூன்று உள்ளே.

ஒரே ஒரு தாள் மட்டும் கொஞ்சம் வேறுமாதிரி இருந்தது. வகுப்பிலேயே வாய்க்காரியான றிபாவின் தாள் அது. "மூன்று சோடியம் வெளியே செல்லும். இரண்டு பொற்றாசியம் உடனடியாக உள்ளே வரும். மூன்றாவது பின்னர் வந்து சேரும்" என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

டீச்சரின் கணவர் முத்தலிப், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஆருட புள்ள இது? நல்ல மரியாதையான புள்ள போல."

"மரியாதையா? இது உயிரியல். மரியாதைக்கு இதுல புள்ளி இல்ல."

முத்தலிப் சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். மனைவியின் கோபத்துக்கு முன்னால் நிற்பதைவிடப் பள்ளியில் நிற்பது நன்மையும் கூட, நிம்மதியும் கூட என்பது அவர் கண்ட உண்மை.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் டீச்சர்தான். அவருக்கு வெறும் படத்தை வைத்துப் படிப்பிக்க வராது. இதயத்துக்குக் கறிமிளகாயைக் குறுக்காக வெட்டிக் காட்டுவார். சிறுகுடலுக்கு வீட்டிலிருந்து தலை துவட்டிய ஈரத் துவாயைக் கொண்டு வருவார். அவர் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பதில்லை, கைப்பையைத்தான் பார்ப்பார்கள். நோம்பு மாதம் முழுக்கப் பள்ளிக்கூடம் விடுமுறை என்றாலும் உயர்தரப் பிள்ளைகளுக்கு மட்டும் காலையில் மேலதிக வகுப்பு இருந்தது. அந்த வகுப்பில்தான் பம்பி வந்தது. பம்பிக்கு டீச்சர் எதையும் பையில் கொண்டு போகவில்லை. தன் வீட்டு மதிலையே கொண்டு போனார்.

அந்த மதிலைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு இந்தப் பக்கம் டீச்சரின் வீடு. அந்தப் பக்கம் வல்லியம்மை அக்காவின் வளவு. வல்லியம்மையின் புருசன் முருகேசு கடலுக்குப் போகிறவர். மகள் தர்சிகா கலியாணம் முடித்து அதே வளவின் பின்வீட்டில் இருக்கிறாள். கடல் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு, புதிதாக மதில் எழுப்பிய நேரத்தில், முருகேசுவும் முத்தலிப்பும் கதைத்துப் பேசி, நடுவில் ஒரு பெட்டி போகிற அளவுக்கு ஒரு திறப்பு, ஊர்ப்பேச்சில் பொட்டு, விட்டார்கள். ஊருக்குள் எல்லையைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. இந்த இரண்டு வீட்டுக்கும் எல்லையைவிட அந்தப் பொட்டுத்தான் முக்கியமாகப் பட்டது.

பொட்டின் இரண்டு பக்கமும் பலகைக் கதவு. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. திறந்தால் வல்லியம்மையின் கோழிகள் இந்தப் பக்கம் குசினிக்குள் நிற்கும். இந்தப் பக்கத்து ஆடு அந்தப் பக்கம் வாழைக்குருத்துக்குள் நிற்கும்.

"இஞ்ச பாருங்க புள்ளையள்," என்று டீச்சர் வகுப்பில் ஆரம்பித்தார். "என்ட வீடுதான் கலம். மதில் மென்சவ்வு. பொட்டு இரிக்கே, அதான் பம்பி. இப்ப என்ட பக்கத்துக் கதவு திறந்திரிக்கி. பொட்டுக்குள்ள சரியா மூணு கஞ்சிக் கோப்பை இரிக்கிறதுக்கு இடம். கஞ்சி என்டா உப்பு. உப்பு என்டா?"

"சோடியம்!"

"மூணு சோடியமும் வந்து அதுட அதுட இடத்துல அமந்ததும், சக்தி குடுக்கிற ஏ.ரி.பி. வந்து தன்னட்ட இரிக்கிற பொஸ்பேற்றுல ஒண்டைப் பம்பியில ஒட்டிரும். அந்தப் பலத்துல பம்பிட உருவமே மாறும். உள்பக்கம் மூடும், வெளிப்பக்கம் திறக்கும். உருவம் மாறினதும் சோடியத்தை இறுக்கிப் புடிச்சிக்கிருந்த இடம் இளகிப் போகும். சோடியம் வெளிய போயிரும். இப்ப அந்த இடம் சோடியத்துக்குச் சரிவராது, பொற்றாசியத்துக்குத்தான் அளவாயிரிக்கும். வெளியில இரிந்து ரெண்டு பொற்றாசியம் வந்து அமரும். அமந்ததும் பொஸ்பேற்று கழண்டு விழும். பம்பி பழைய உருவத்துக்கே கிறுகும். உள்பக்கம் திறக்க, பொற்றாசியம் உள்ளுக்கு வந்திரும். மறுகா முதல்ல இரிந்து."

"பொற்றாசியத்துக்கு என்ன டீச்சர்?"

"கதலிப்பழம். வாழைப்பழத்துல நிறையப் பொற்றாசியம் இரிக்கி. வெள்ளிக்கிழமை நான் மூணு கோப்பைக் கஞ்சி குடுத்தன். ஒண்டு வல்லியம்மை அக்காக்கு, ஒண்டு மகள் வீட்டுக்கு, ஒண்டு தோணிக்காரங்களுக்கு. வல்லியம்மை அக்கா ரெண்டு கோப்பையில ரெண்டு சீப்புக் கதலி வச்சுத் தந்தா. மூணு வெளிய, ரெண்டு உள்ள. விளங்கினதா?"

பிள்ளைகள் விளங்கினது என்றார்கள். விளங்கித்தான் இருந்தது. அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு அது வேறுமாதிரி விளங்கியிருந்தது.

இதை நேரே சொன்னவள் றிபாதான். அடுத்த நாள் காலை விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டீச்சர் சிவந்த கண்ணோடு வகுப்பைப் பார்த்து, "மூணு உள்ள என்டு உங்களுக்கு ஆர் சொன்ன?" என்று கேட்க, றிபா எழுந்து நின்றாள்.

"டீச்சர், கோவிக்காதீங்க. மூணு கோப்பை குடுத்தா மூணு கோப்பையும் திரும்பி வரணுமே. ரெண்டு வந்தா அந்த வீட்டுக்காரங்களப் பத்தி ஊரு என்ன கதைக்கும்? உங்கட பக்கத்து வீட்டாக்கள் அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்ல என்டுதான் நாங்க நினைச்ச. மூணாவது கோப்பை பிந்தி வந்திருக்கும்தானே?"

வகுப்பு முழுக்கத் தலையாட்டியது. இரவல் கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதே அவமானம் என்று நினைக்கிற வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். கோப்பையைத் திருப்பிக் கொடுக்காமலே விடுவது அவர்களுடைய கற்பனைக்கே எட்டாத காரியம். புத்தகம் இரண்டு என்றது, டீச்சரும் இரண்டு என்றார். ஆனாலும் வல்லியம்மை அக்காவின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக முழு வகுப்பும் ஒரு புள்ளியைத் தியாகம் செய்திருந்தது.

இன்னொரு நாளாக இருந்தால் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. றிபா அறியாமலே அவருடைய புண்ணில் கைவைத்துவிட்டாள்.

உண்மை என்னவென்றால், அந்த மூன்றாவது கோப்பை வரவே இல்லை.

நீலப் பூப் போட்ட பீங்கான் கோப்பை அது. டீச்சரின் மூத்த சகோதரி, ராத்தா, வைத்துவிட்டுப் போனது. இத்தனை வருசமும் ராத்தா இந்த வீட்டில்தான் இருந்தார். டீச்சர் பள்ளிக்கூடம், பின்னேர வகுப்பு, விடைத்தாள் என்று ஓடிக்கொண்டிருக்க, பொட்டுக்கு அதிபதியாக இருந்தவர் ராத்தாதான். நோம்பு வெள்ளிகளில் கஞ்சி கொடுப்பதும், கதலி வாங்குவதும், மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று மணிக்கணக்காக ஊர்க்கதை கதைப்பதும் அவருடைய வேலை. போன வருசம் ராத்தா கொழும்புக்கு மகளோடு போய்விட்டார். இந்த நோம்புக்குத்தான் கஞ்சி கொடுக்கும் பொறுப்பு முதன்முதலாக டீச்சரின் கையில் வந்தது.

முதல் வெள்ளி மூன்று போய் இரண்டு வந்தபோது டீச்சர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பாடத்துக்கு நல்ல உதாரணம் கிடைத்தது என்று சந்தோசப்படக்கூடச் செய்தார். கோப்பை நாளைக்கு வரும் என்று இருந்தார். நாளைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போய்க் கேட்க மனம் ஒப்பவில்லை. ஒரு கோப்பைக்காகப் படியேறினால் என்ன நினைப்பார்கள்? கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

கோப்பை போனால் போகட்டும், கடையில் வேறு வாங்கலாம். டீச்சரை அரித்தது வேறு. வல்லியம்மை அக்காவின் சிநேகம் முழுக்க ராத்தாவோடுதானோ, ராத்தா போனதோடு அதுவும் போய்விட்டதோ, தன்னைப் பக்கத்து வீட்டு டீச்சர் என்ற அளவில்தான் வைத்திருக்கிறாவோ என்ற பயம். பயம் என்று ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால் டீச்சர் அதைக் கோபம் என்று சொல்லிக்கொண்டார்.

அதனால் இரண்டாவது வெள்ளி கஞ்சி போகவில்லை. முத்தலிப் கேட்டபோது அரிசி முடிந்துவிட்டது என்றார். அரிசி வாங்கி வந்து வாளியில் கொட்டிய மனிதரிடமே அப்படிச் சொன்னார். பொட்டுக் கதவு சாத்தியபடியே கிடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வல்லியம்மை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கோழிகளை ஏசுவது கேட்டது. இந்தப் பக்கம் டீச்சர் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சட்டிபானையைக் கழுவினார்.

இப்போது வகுப்பு டீச்சரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அயனுக்கு மரியாதை தெரியாது புள்ள. அதுக்கு மின்னேற்றம்தான் தெரியும். சோடியத்துக்கும் ஒரு நேரேற்றம், பொற்றாசியத்துக்கும் ஒரு நேரேற்றம். மூணு வெளிய போய் ரெண்டு உள்ள வந்தா, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நேரேற்றம் வெளியில கூடும். உள்ளுக்குக் குறையும். அந்த வித்தியாசத்துல பம்பிட நேரடிப் பங்கு கொஞ்சம்தான். உள்ளுக்கச் சேத்து வச்ச பொற்றாசியம் தன்ட வழியால மெல்லக் கசிஞ்சு வெளிய போறதுதான் பெரிய பங்கு. ஆனா அந்தப் பொற்றாசியத்தைச் சேத்து வச்சதும் இந்தப் பம்பிதானே? நரம்பு கதைக்கிறதும் இதயம் அடிக்கிறதும் இந்த வித்தியாசத்தாலதான்."

"அப்ப ரெண்டு பக்கமும் எல்லாம் சமனாகிட்டா டீச்சர்?"

"சமனாகிட்டா அது மௌத்தான கலம், செத்த கலம்."

றிபா இன்னும் உட்காரவில்லை. "பம்பி நிண்டு போனா என்ன நடக்கும் டீச்சர்?"

"சோடியம் எப்பவும் கசிஞ்சு உள்ளுக்கு வந்துக்குத்தான் இரிக்கும். பம்பி நிண்டா அதை வெளிய அனுப்ப ஆளில்ல. உள்ளுக்க சோடியம் கூடும், அதுக்குப் பின்னால தண்ணி வரும். கலம் வீங்கும். கடைசியில வெடிச்சாலும் வெடிக்கும்."

"கோவத்துல மனிசர் வீங்கிற மாதிரியா டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் கையிலிருந்த சோக்கட்டியை மேசையில் வைத்தார். பொட்டுக் கதவைச் சாத்தியது யார்? வெள்ளிக்கிழமை பம்பியை நிறுத்தியது யார்? வல்லியம்மை அக்கா அல்ல. வீங்கிப்போய் நிற்கிற கலம் எது என்பதைக் கண்ணாடி பார்த்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

"ஓம்," என்றார் டீச்சர். "கிட்டத்தட்ட அப்பிடித்தான். இரி நீ."

அன்று செவ்வாய்க்கிழமை. கஞ்சி கொடுக்கிற நாளே அல்ல. ஆனாலும் டீச்சர் வீட்டுக்கு வந்ததும் அரிசியைக் களைந்து, வெங்காயத்தை வெட்டி, தேங்காயைத் திருவி வேலையில் இறங்கிவிட்டார். நோம்பு வாயோடு உப்புப் பார்க்க முடியாதென்பதால் கைக்கணக்கில் போட்டார். அவருடைய கை எப்போதும் கொஞ்சம் தாராளம்தான்.

நோம்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மூன்று கோப்பையைப் பொட்டுக்குள் வைத்தார். தன் பக்கத்துக் கதவைச் சாத்தினார். பலகையில் தட்டினார். தட்டிவிட்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு செருப்புச் சத்தம். அந்தப் பக்கத்துப் பலகை கிரீச்சிட்டுத் திறந்தது.

"ஆரு, டீச்சரா?"

"ஓம் வல்லியம்மை அக்கா."

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையெல்லோ?"

"ஓம். வெள்ளிக்கிழமை குடுக்கல்ல. அதான்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "நான் பயந்தே போயிட்டன் டீச்சர். ராத்தாவும் இல்ல, இனி இந்தப் பொட்டு அடைபட்டுப் போயிரும் எண்டு. இவரிட்டயும் சொல்லி அழுதுபோட்டன்."

டீச்சருக்கு இனியும் சுற்றி வளைத்துப் பேச முடியாது என்று தோன்றியது. "அக்கா, கேக்கிறன் என்டு குறை நினைக்காதீங்க. என்ட நீலக் கோப்பை..."

அந்தப் பக்கம் கலகலவென்று சிரிப்புக் கிளம்பியது. வல்லியம்மை சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"கேட்டிட்டிங்களே! கேக்கவே மாட்டிங்களோ எண்டு நினைச்சன். சுத்தி வாங்க டீச்சர், கேற்றால வாங்க. கெதியா வாங்க!"

டீச்சர் தலைச்சீலையை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருவால் சுற்றி ஓடினார். வல்லியம்மை வீட்டு விறாந்தையில் கண்ணாடி அலுமாரி ஒன்று இருந்தது. அதற்குள் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒன்று பச்சைக் கரை, ஒன்று ரோசாப்பூ, ஒன்று விளிம்பு உடைந்தது. எல்லாமே டீச்சருக்குத் தெரிந்த கோப்பைகள். தன் வீட்டுக் குசினியில் எப்போதோ இருந்து, எப்போதோ காணாமல் போனவை. கடைசியாக நீலப் பூக் கோப்பை பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"ஒவ்வொரு நோம்புக்கும் ஒண்டை நான் வச்சுக்கொள்ளுவன்," என்றாள் வல்லியம்மை கொஞ்சமும் வெட்கமில்லாமல். "எல்லாத்தையும் திருப்பிக் குடுத்திட்டா மறுகா என்ன இருக்கு? பெருநாளைக்கு அடுத்த நாள் ராத்தா, 'எங்கடி என்ட கோப்பை' எண்டு சத்தம் போட்டுக்கொண்டு வருவா. நான் காணல்ல எண்டுவன். அவ குசினியெல்லாம் தேடுவா. தேடித் தேடிப் பொழுது பட்டிரும். தேத்தண்ணி, முறுக்கு, கதை. கடைசியில கோப்பையை வச்சிட்டே போயிருவா. நீங்க படிச்சவ, வேலைக்குப் போறவ. கோப்பை போனா கடையில வாங்கிருவீங்க, தேடி வரமாட்டீங்க எண்டுதான் எனக்குப் பயம்."

இந்தப் பக்கத்துப் பயமும் அந்தப் பக்கத்துப் பயமும் ஒரே பயமாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு மதில் தடிப்புத்தான் நடுவில். டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. சிரிப்பைத்தான் வெளியே விட்டார்.

"இந்தாங்க," என்று வல்லியம்மை நீலக் கோப்பையை எடுத்து நீட்டினாள். "கேட்டு வந்திட்டிங்க. கொண்டு போங்க."

டீச்சர் கோப்பையை வாங்கினார். ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு அலுமாரிக் கதவைத் திறந்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

"பெருநாள் இன்னும் வரல்லையே அக்கா."

பள்ளியில் பாங்கு சொல்ல ஆரம்பித்தது. வல்லியம்மை பதறிப்போய் ஒரு கிளாஸ் தண்ணியும், குலையிலிருந்து பறித்த கதலியும் கொண்டு வந்து நீட்டினாள். பிஸ்மி சொல்லி டீச்சர் அந்தப் பழத்தால் நோம்பு திறந்தார். அந்த நேரம் பார்த்து டீச்சரின் வீட்டுப் பக்கமிருந்து முத்தலிப்பின் கூக்குரல் எழும்பியது.

"ஜெமீலா! ஏய் ஜெமீலா! குசினிக்குள்ள கோழி நிக்கிதுகா! கஞ்சிச் சட்டியில ஏறுது!"

மனைவியைக் காணாமல் தேடிய மனிதர் பொட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருக்கிறார். கஞ்சியை எடுத்த வல்லியம்மை தன் பக்கத்துக் கதவைச் சாத்த மறந்திருந்தாள். மனைவியைத் தேடிய அவசரத்தில், பொட்டை விட்ட மனிதருக்கே அதன் ஒரே சட்டம் மறந்துபோய்விட்டது.

கோழியைப் பிடித்து அந்தப் பக்கம் அனுப்பி, கதவுகளை ஒழுங்காகச் சாத்தி, இரண்டு பேரும் மேசைக்கு வந்து உட்காரும்போது கஞ்சி ஆறிப்போயிருந்தது. முத்தலிப் ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தண்ணிக் கிளாஸை எடுத்தார்.

"சரி, நீலக் கோப்பை கிடைச்சிதா? நீ சொல்லல்ல என்டா எனக்குத் தெரியாதா?"

"கிடைச்சிது."

"எங்க, காணல்லையே?"

"அங்கதான் இரிக்கி," என்றார் ஜெமீலா டீச்சர். "பெருநாளைக்கு அடுத்த நாள் நான் போய்த் தேடணும்."